சாவியைக் கொடுக்கும் முன்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லைங்க. பத்தாவது வரைக்கும்தான் படிச்சேன். குழுக் கூட்டத்தில் தீர்மான நோட்டை வாசிக்கிறதுதான் நான் இதுவரைக்கும் பேசின பேச்சு. அதனால் எழுதிக் கொண்டு வந்ததைப் பார்த்துத்தான் பேசப் போகிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்குங்க.

"கறவை மாடு பத்திப் பேசியாச்சு, தையல் பத்திப் பேசியாச்சு, இந்த வருசம் நீ வாடகை வருமானம் பத்திப் பேசு" என்று தலைவி அக்கா சொன்னாங்க. நம்ம கூட்டமைப்பில் குழுக் கடன் வாங்கி லைன் வீடு கட்டியவங்க நிறையப் பேர் இருக்கோம். திருப்பூர் பக்கத்திலேயே இருக்கிறதால் பனியன் கம்பெனிக்கு வருகிற ஜனம் நம்ம ஊர் வரைக்கும் வீடு தேடி வருது. வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று பெரியவங்க சொல்வாங்க. அது கூட வாடகைக்கு விட்டுப் பார் என்றும் சேர்த்துக்கணும். கட்டினது எனக்குப் பெரிய கஷ்டமாகத் தெரியலை. யாருக்கு விடுறது என்பதில்தான் நான் சறுக்கி விழுந்தேன். நான் விழுந்தது மட்டும் இல்லை, என் குழுவையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தேன். அதைத்தான் சொல்ல வந்திருக்கேன்.

எங்க வீட்டுக்காரர் பவர்லூம் ஓட்டுகிறார். எங்க வீட்டுக்குப் பின்னால் மாடு கட்டுகிற கட்டுத்தரை இருந்தது. மாமியாருக்கு முட்டி வலி வந்த பிறகு மாட்டைப் பார்க்க ஆள் இல்லை. மாட்டை வித்தோம், இருந்த ஒன்றரைப் பவுன் செயினை அடகு வைத்தோம், குழு மூலமாக வங்கிக் கடனில் என் பங்கு ஒரு லட்சம் வாங்கினேன். கட்டுத்தரை இருந்த இடத்தில் ரெண்டு லைன் வீடு எழும்பிச்சு. ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு, மேலே சிமெண்ட் சீட்டு, பொதுவில் ஒரு குளியலறை, ஒரு கக்கூஸ். வாடகை ஒவ்வொன்றுக்கும் 3,500. எனக்கு மாசத் தவணை 4,800. ரெண்டு வீட்டு வாடகையும் வந்தால் தவணை போக 2,200 கையில் நிற்கும் என்று நோட்டில் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். 2022 ஏப்ரலில் வெள்ளையடிச்சு, வாசலில் 'வீடு வாடகைக்கு' என்று சாக்பீஸில் எழுதினேன்.

முதல் வீட்டுக்குப் புதுசாகக் கல்யாணம் ஆன ஒரு ஜோடி வந்தாங்க. அவங்களால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ரெண்டாவது வீட்டுக் கதைதான் இது.

ஒரு நாள் சாயங்காலம் ஒரு அம்மா எட்டு வயசுப் பொண்ணைக் கையில் பிடிச்சுக்கிட்டு வந்தாங்க. தேனிப் பக்கத்து ஊர். நம்ம ஊர்ப் பஸ் நிக்கிற கம்பெனியிலேயே செக்கிங் வேலை. நாலு வருசமாக அதே கம்பெனி. கம்பெனி கார்டைக் கழுத்தில் இருந்து கழட்டிக் காட்டினாங்க. இதுக்கு முன்னால் இருந்த வீட்டுக்காரம்மா போன் நம்பரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டு வந்திருந்தாங்க. "அட்வான்ஸ் எவ்வளவுங்க, நாளைக்கே தந்துடறேன்" என்றாங்க. நான் அதில் எதையும் காதில் வாங்கலை. நான் கேட்டது ரெண்டே கேள்வி. "வீட்டுக்காரர் எங்கே?" "இல்லைங்க" என்றாங்க. இறந்துட்டாரா, விட்டுட்டுப் போயிட்டாரா, அதையும் அவங்க சொல்லலை. அடுத்தது, "நீங்க என்ன ஆளுங்க?" அவங்க சொன்னாங்க. நான், "அய்யோ, காலையில்தான் ஒருத்தர் பேசிட்டுப் போனாங்க. வீடு முடிஞ்சுதுங்களே" என்று பொய் சொன்னேன்.

அந்தப் பொண்ணு தண்ணி கேட்டது. கொடுத்தேன். குடிச்சு முடிச்சதும், யாரும் சொல்லாமலே டம்ளரைக் குழாயடிக்குக் கொண்டுபோய்க் கழுவி, திண்ணையில் கவிழ்த்து வைத்துவிட்டு அம்மா பின்னாடியே போனது. நல்லா வளர்த்திருக்காங்க என்று அன்றைக்கு நினைச்சேன். அந்தப் பிள்ளை ஏன் அதைப் பழகியிருக்கு என்று நான் யோசிக்கலை.

அடுத்த வாரம் எங்க வீட்டுக்காரருக்குத் தூரத்துச் சொந்தம் ஒருத்தர் ஒரு குடும்பத்தைக் கூட்டி வந்தார். புருசன், பெண்டாட்டி, ரெண்டு பசங்க. "நம்ம ஆளுங்கதான், கண்ணை மூடிட்டுக் கொடு" என்றார். நானும் அப்படியே கண்ணை மூடிட்டுத்தான் கொடுத்தேன். அட்வான்ஸ் 10,000 பேசினோம். கையில் 1,000 கொடுத்துவிட்டு, "மீதி சனிக்கிழமை" என்றார் அந்த ஆள். லேபர் கான்ட்ராக்ட் எடுக்கிறேன் என்றார். எந்தக் கம்பெனி என்று நான் கேட்கலை. இதுக்கு முன்னால் எங்கே குடியிருந்தீங்க என்று கேட்கலை. ஆதார் கேட்டேன், "பொட்டியில் இருக்குங்க, எடுத்துத் தரேன்" என்றாங்க. சொந்தக்காரங்க மாதிரி பழகிட்டு அதைத் திரும்பக் கேட்க எனக்குக் கூச்சம். சாவியைக் கொடுத்துட்டேன். சமையலுக்கு சிலிண்டர் இல்லை என்றதும் எங்க ரெண்டாவது சிலிண்டரையும் தூக்கிக் கொடுத்தேன்.

மே, ஜூன் வாடகை வந்தது. ஜூலையில் இருந்து வரலை. கேட்டால், "கம்பெனியில் பில் நிக்குதுங்க." அடுத்த மாசம், "ஊரில் ஒரு சாவு." அதுக்கடுத்த மாசம், "தீபாவளி போனஸ் வரட்டும், மொத்தமாக் கட்டிடறேன்." பனியன் கம்பெனி ஊரில் தீபாவளி போனஸ் என்றால் நம்பத்தான் தோணும். 2022 அக்டோபர் 24 தீபாவளி. 26-ஆம் தேதி காலையில் நான் வாசல் தெளிக்கப் போனால், வீடு திறந்து கிடக்குது. ஆள் இல்லை, பொட்டி இல்லை, என் சிலிண்டரும் இல்லை. நாலு மாச வாடகை 14,000. கரண்ட் பில் 2,140. அவங்க கொடுத்த 1,000-ஐக் கழிச்சால் 15,140 ரூபாய் எனக்கு நட்டம். சிலிண்டர் தனி. கூட்டி வந்த சொந்தக்காரரைக் கேட்டால், "எனக்கே அவனை டீக்கடையில்தான் பழக்கம்" என்கிறார்.

இதில் என் நட்டத்தைப் பெரிசாகச் சொல்ல நான் வரலைங்க. ஒத்தை வாடகையை வைத்துக்கொண்டு 4,800 தவணையை என்னால் ஒழுங்காகக் கட்ட முடியலை. ஒரு மாசம் பாதி கட்டினேன், அடுத்த ரெண்டு மாசம் கட்டவே இல்லை. குழுக் கடன் என்றால் என்ன என்று உங்களுக்கெல்லாம் தெரியும். ஒருத்தி நிறுத்தினால் பன்னிரண்டு பேர் கணக்கும் நிற்கும். எங்க குழுவுக்கு வரவேண்டிய அடுத்த வங்கிக் கடன் தள்ளிப் போச்சு. அந்தக் கடனை நம்பி மகளைக் காலேஜில் சேர்த்திருந்த ஒரு அக்கா, பீஸ் கட்ட வெளியே வட்டிக்கு வாங்கினாங்க. வாரத்துக்கு வாரம் வட்டி வாங்குகிற ஆளிடம். அந்த அக்கா என்னை ஒரு வார்த்தை பேசலை. கூட்டத்தில் என் எதிரிலேயே உட்கார்ந்து சேமிப்புப் பணத்தைக் கட்டிவிட்டுப் போனாங்க. திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலை.

அந்த மாசக் கூட்டத்தில் எங்க ஊக்குநர் அக்கா கேட்டதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "ஏன் கண்ணு, நம்ம குழுவில் ஒருத்தி 5,000 ரூபாய் உள்கடன் கேட்டால் என்ன கேட்போம்? எதுக்குக் கடன், முன்னால் வாங்கினதை ஒழுங்காகக் கட்டினாளா, மாச வருமானம் என்ன, எந்தத் தேதியில் கட்டுவா, கட்ட முடியாமல் போனால் என்ன வழி என்று எல்லாம் கேட்டு, நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கித்தானே கொடுக்கிறோம்? கூடப் பொறந்தவளாக இருந்தாலும் கேட்கிறோம். கடன் வாங்கிக் கட்டின வீட்டோட சாவியைக் கொடுக்கிறதுக்கு நீ என்ன கேட்ட?"

நான் யோசிச்சுப் பார்த்தேன். அந்தக் குடும்பத்தைப் பற்றி நான் தெரிந்து வைத்திருந்தது ஒரே ஒரு விசயம்தான். அவங்க என்ன ஆளுங்க என்பது. அது எனக்கு வாடகையும் கட்டலை, கரண்ட் பில்லும் கட்டலை. தேனிக்கார அம்மா வேலை, வருமானம், பழைய வீட்டுக்காரங்க நம்பர், அட்வான்ஸ் என்று நான் கேட்க வேண்டியதுக்கெல்லாம் நான் கேட்காமலே பதில் கொண்டு வந்திருந்தாங்க. அவங்களை நான் திருப்பி அனுப்பிட்டேன்.

மீதி இருந்த ஜிமிக்கியையும் வைத்துத்தான் நின்ற தவணையைக் கட்டினேன். அதன் பிறகு நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். குழுவில் உள்கடனுக்கு நாம் கேட்கிற கேள்விகளை வைத்தே, வீடு கேட்டு வருகிறவங்களிடம் கேட்க எட்டுக் கேள்வி எழுதினேன். யார் வந்தாலும் இதே எட்டு, இதே வரிசை. உங்களுக்கும் உதவும் என்றுதான் சொல்கிறேன். நோட்டு வைத்திருக்கிறவங்க எழுதிக்குங்க.

ஒன்று. என்ன வேலை, எங்கே, எத்தனை வருசமாக? சிங்கர் டெய்லரா, ஓவர்லாக்கா, செக்கிங்கா, அயர்னா என்று கேளுங்க. வேலை செய்கிறவங்க டக்கென்று சொல்லிடுவாங்க. கம்பெனி கார்டைப் பாருங்க. நம்ம ஊர்க்காரங்க யாராவது கட்டாயம் அந்தக் கம்பெனியில் இருப்பாங்க, ஒரு வார்த்தை விசாரிங்க. வருசத்துக்கு நாலு கம்பெனி மாறியிருந்தால் ஏன் என்று கேளுங்க. பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவங்க ஆர்டர் இருக்கிற இடத்துக்கு மாறுவது தப்பு இல்லை. காரணம் சரியாக இருக்கா என்றுதான் பார்க்கணும்.

ரெண்டு. இதுக்கு முன்னால் எங்கே குடியிருந்தீங்க? இதில் ஒரு சூட்சுமம் இருக்கு. இப்போ குடியிருக்கிற வீட்டுக்காரங்களை மட்டும் கேட்டால் போதாது. தொந்தரவு கொடுக்கிறவங்களைக் கிளப்பி விடுறதுக்காகவே, "தங்கமான மனுசங்க" என்று சொல்லிடுவாங்க. அதுக்கும் முந்தின வீட்டுக்காரங்களைக் கேளுங்க. அவங்களுக்கு இனி ஒரு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. உள்ளதைச் சொல்வாங்க. போனில் கேட்பதைவிட நேரில் போனால் இன்னும் நல்லது. வாடகை தேதி தவறாமல் கொடுத்தாங்களா, காலி பண்ணும்போது வீட்டை எப்படி விட்டாங்க, இந்த ரெண்டு கேள்வி போதும்.

மூணு. எத்தனை பேர் தங்கப் போறீங்க? பேர் என்ன? ரெண்டு பேர் என்று சொல்லி ஆறு பேர் வந்து நின்றால் குளியலறையும் பத்தாது, தண்ணியும் பத்தாது. ஆரம்பத்திலேயே எண்ணிக்கையை எழுதிக்கணும். ஊரில் இருந்து அம்மா அப்பா வந்து பத்து நாள் தங்குவதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. அது எல்லா வீட்டிலும் நடக்கிறது.

நாலு. சொந்த ஊர் எது? வீட்டில் ஒருத்தர் போன் நம்பர் கொடுங்க. கொடுத்ததும் அவங்க முன்னாலேயே போட்டு, "உங்க புள்ளை எங்க வீட்டில்தான் இருக்கப் போகுது" என்று ஒரு வார்த்தை பேசுங்க. இது எதுக்கு உதவும் என்று கொஞ்ச நேரத்தில் சொல்றேன்.

அஞ்சு. சம்பளம் வாரமா, மாசமா? நம்ம பக்கம் நிறையக் கம்பெனியில் சனிக்கிழமை சனிக்கிழமை சம்பளம். வாரச் சம்பளக்காரங்களிடம் ஒண்ணாம் தேதி மொத்தமாக 3,500 கேட்டால் கையில் இருக்காது. நான் இப்போ, முதல் சனிக்கிழமை பாதி, ரெண்டாவது சனிக்கிழமை பாதி என்று வைத்திருக்கிறேன். அதன் பிறகு பாக்கியே நிற்பது இல்லை. பணம் எந்தக் கிழமை வருதோ அந்தக் கிழமைதான் தவணை என்று நம்ம குழுவில் செய்கிற மாதிரிதான்.

ஆறு. அட்வான்ஸ் முழுசாக வந்த பிறகுதான் சாவி. "மீதி சனிக்கிழமை" என்றால், "சரிங்க, சாவியும் சனிக்கிழமை" என்று சிரிச்ச முகமாகச் சொல்லிடுங்க. அதுக்காகப் பத்து மாச வாடகையை அட்வான்ஸாகக் கேட்கவும் வேண்டாம். அவ்வளவு பணம் வைத்திருந்தால் அவங்க ஏன் நம்ம சீட்டு வீட்டுக்கு வரப் போறாங்க?

ஏழு. ஆதாரோ வாக்காளர் அட்டையோ, அசலைக் கையில் வாங்கி, போட்டோவையும் ஆளையும் பாருங்க. நகல் வாங்கினால் அதன் மேலேயே 'வீட்டு வாடகைக்காக' என்று எழுதி, தேதி போட்டு, அவங்க கையெழுத்தை வாங்குங்க. கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற மாதிரி ஆதார் எடுக்க வழி இருக்கு, அதைக் கொடுத்தாலும் போதும். அசலை நாம் பிடிச்சு வைத்துக்கொள்ளக் கூடாது. நகலை வாட்ஸப்பில் யாருக்கும் அனுப்பவும் கூடாது. நம்ம பிள்ளைகள் ஆதாரை யாராவது அப்படி அனுப்பினால் நமக்கு எப்படி இருக்கும்?

எட்டு. "என்கிட்ட நீங்க என்ன கேட்கணும்?" இதை நான் கடைசியாகக் கேட்பேன். நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருதரம் வரும், எத்தனை குடம் பிடிக்கலாம், உப்புத் தண்ணி மோட்டார் எப்போ போடுவோம், நைட் ஷிப்டுக்குப் போகிறவங்களுக்குக் கேட் சாவி உண்டா, எல்லாத்தையும் நாம் உள்ளது உள்ளபடி சொல்லணும். என் ரெண்டு வீட்டுக்கும் தனித்தனி கரண்ட் மீட்டர் இருக்கு. ரெண்டு மாசத்துக்குக் குறிப்பிட்ட யூனிட் வரைக்கும் அரசு இலவசமாகத் தருது. அது குடியிருக்கிறவங்களுக்கே போய்ச் சேரணும். நாம் ஒளிச்சால், அவங்களும் ஒளிப்பாங்க.

இந்த எட்டும் முடிஞ்ச பிறகு, பேசினதை எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். 2017-இல் போட்ட தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் இருந்து நடைமுறையில் இருக்கு. திருப்பூர் மாதிரி நகரத்தில் வீடு விடுகிறவங்க ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யணும் என்று அதில் இருக்கு. வேற மாதிரி பேசி எழுதியிருந்தால் ஒழிய மூணு மாச வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது, வாடகை வாங்கினால் ரசீது கொடுக்கணும், பாக்கி இருக்கு என்பதற்காகத் தண்ணியையும் கரண்டையும் நிறுத்தக் கூடாது, இதெல்லாமும் இருக்கு. கிராமத்தில் இருக்கிற நாமும் இதைக் கடைப்பிடிச்சால் நமக்கு ஒரு குறையும் வராது. ரசீது என்றால் பெரிய விசயம் இல்லை. சேமிப்புக்குப் போடுகிற மாதிரி ஒரு சின்ன பாஸ்புக் வாங்கி, தேதி, தொகை, கையெழுத்து. அவ்வளவுதான்.

இனி கேட்கக் கூடாதது. என்ன ஆளுங்க, எந்த மதம், கறி சமைப்பீங்களா, வீட்டுக்காரர் எங்கே, ஏன் இன்னும் குழந்தை இல்லை. இந்தக் கேள்விகளை நான் அடிச்சுட்டேன். அடிக்கும்போது கை நின்றது, பொய் சொல்ல மாட்டேன். மாமியார், "ஊர் என்ன சொல்லும்?" என்றாங்க. "ஊர் என் தவணையைக் கட்டுமா அத்தை?" என்றேன். ரெண்டு நாள் என்னோடு பேசலை. அப்புறம் சரியாயிட்டாங்க.

இந்த நோட்டு வந்த பிறகு நடந்த ரெண்டு சம்பவம் சொல்லி முடிச்சுக்கிறேன்.

ஒருத்தர் புது பைக்கில், மடிப்புக் கலையாத சட்டையில் வந்தார். "ஆறு மாச வாடகை இப்பவே தரேன், கேள்வியெல்லாம் வேண்டாம்" என்றார். எங்கே வேலை என்று சொல்லலை. அடையாள அட்டையின் போட்டோவைப் போனில் காட்டினார், அசல் இல்லை. 21,000 ரூபாயை மேசை மேல் வைத்தார். என் ஜிமிக்கி அப்போ அடகில் இருக்கு. இருந்தாலும், "கேள்விக்குப் பதில் இல்லாமல் நான் யாருக்கும் வீடு கொடுக்கிறது இல்லைங்க" என்று சொல்லிட்டேன். அவர் நல்லவரா கெட்டவரா எனக்குத் தெரியாது. தெரியாத ஆளிடம் சாவியைக் கொடுக்கலை, அவ்வளவுதான். வீடு முடிஞ்சுது என்று பொய் சொல்லாமல், காரணத்தைச் சொல்லி மறுத்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

அடுத்து பீகாரில் இருந்து மூணு பசங்க வந்தாங்க. பக்கத்துக் காம்பவுண்டில் எல்லாரும் வேண்டாம் என்றாங்க. எட்டுக் கேள்வியும் கேட்டேன். ஒரு பையனுக்குத் தமிழ் நல்லா வந்தது, மத்தவங்களுக்கு அவன் எடுத்துச் சொன்னான். ரெண்டு வருசமாக ஒரே கம்பெனி. முந்தின வீட்டுக்காரர், "சத்தமே இருக்காதுங்க" என்றார். ஒரு பையனோட அம்மாவிடம் போனில் பேசினேன். அந்தம்மா பேசினது எனக்குப் புரியலை, நான் பேசினது அவங்களுக்குப் புரியலை. 2023 ஜனவரியில் குடி வந்தாங்க.

மார்ச் மாசம், வடநாட்டுத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறாங்க என்று பொய் வீடியோ பரவிச்சே, ஞாபகம் இருக்கா? இந்தப் பசங்க கதவைச் சாத்திக்கிட்டு வேலைக்குப் போகலை. ஊருக்குப் போக டிக்கெட் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அந்த நாலாவது கேள்வி நம்பர் என்னிடம் இருந்ததில்லையா, அவங்க அம்மா எனக்கே போன் பண்ணிட்டாங்க. அழுறாங்க. நான் வீடியோ காலில் போனைத் திருப்பி, பையன் எங்க திண்ணையில் உட்கார்ந்து சோறு தின்கிறதைக் காட்டினேன். அழுகை நின்றது. வாடகைப் பாக்கி வைத்து ஓடினால் பிடிக்கலாம் என்றுதான் அந்த நம்பரை நான் வாங்கினேன். கடைசியில் அந்த நம்பர் எதுக்கு உதவிச்சு பாருங்க.

இவ்வளவு கேட்டாலும் கஷ்டம் வராது என்று நான் சொல்லலை. அந்தப் பசங்களுக்கே ஒரு மாசம் கம்பெனியில் ஆர்டர் இல்லாமல் போச்சு. ஆனால் அவங்க முதல் வாரமே வந்து சொன்னாங்க. பாஸ்புக்கில் எழுதி, நாலு சனிக்கிழமையில் பிரிச்சு வாங்கினேன். யார் என்று தெரிந்தவங்களோடு உட்கார்ந்து பேச முடியும். ராத்திரியோடு ராத்திரியாகப் போனவங்களோடு என்ன பேச?

அந்தத் தேனிக்கார அம்மாவைச் சொல்லாமல் இறங்கினால் என் மனசு கேட்காது. நான் விரட்டின அடுத்த வாரம், ரெண்டு தெரு தள்ளி, நம்ம கூட்டமைப்பிலேயே இருக்கிற வேறொரு குழு அக்கா அவங்களுக்கு வீடு கொடுத்தாங்க. இன்றைக்கு வரைக்கும் அங்கேதான் இருக்காங்க. வாடகை ஒரு மாசம்கூடத் தவறலை என்று அந்த அக்கா சொல்லும்போது எனக்குத் தலை நிமிராது. ஒரு நாள் ரேசன் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றாங்க. "அன்றைக்கு வீடு காலியாகத்தான் இருந்ததுங்க. நான்தான் பொய் சொன்னேன்" என்றேன். அவங்க திரும்பிப் பார்த்து, "தெரியுமுங்க. அதுக்கு முன்னால் அஞ்சு வீட்டிலும் அதையேதான் சொன்னாங்க" என்றாங்க. கோவமாகச் சொல்லலை, விலைவாசி சொல்கிற மாதிரி சொன்னாங்க.

அவங்களும் இப்போ ஒரு குழுவில் உறுப்பினர். இந்தக் கூட்டத்திலும் இருக்காங்க. அவங்களைக் கேட்டுவிட்டுத்தான் நான் இதைப் பேசறேன். பேர் மட்டும் சொல்ல வேண்டாம் என்றாங்க. நான் உங்களை நிற்க வைத்துப் பொய் சொல்லி அனுப்பினதுக்கு, எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டுக்கிறேன் அக்கா. பாப்பாவுக்கும் சொல்லிடுங்க. இனி எங்க வீட்டுக்கு வந்தால் டம்ளரை அப்படியே வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்க, நான் கழுவிக்கிறேன்.

கடனுக்காக வட்டிக்கு வாங்கின அக்காவுக்கு, அந்த வட்டியில் பாதியை நான் சீட்டு எடுத்துக் கொடுத்துட்டேன். மீதியை வேண்டாம் என்றுட்டாங்க. என் வங்கிக் கடன் 2024-இல் முடிஞ்சுது. ஜிமிக்கி திரும்பி வந்துட்டுது. இதோ போட்டிருக்கேன்.

நாம் எல்லாரும் குழுவில் சேர்ந்து, ஆளைப் பார்க்காமல் கணக்கைப் பார்த்துக் கடன் கொடுக்கக் கத்துக்கிட்டவங்க. குழுக் கூட்டம் முடிஞ்சு வீட்டு வாசலுக்குப் போனதும் அதை மறந்துடக் கூடாது. வீடு கேட்டு வருகிறவங்களை நல்லா விசாரிங்க. அவங்க என்ன செய்கிறாங்க, எப்படிக் கட்டுவாங்க என்று விசாரிங்க. எட்டுக் கேள்வி நோட்டு வேணும் என்கிறவங்க என்னிடம் வாங்கி எழுதிக்குங்க. நோட்டைத் திருப்பிக் கொடுத்துடுங்க.